கால் தெரியும் தூரம்

தூத்துக்குடியில் ஆண்பிள்ளையாகப் பிறந்த எவரும் நாற்பது வயதைத் தாண்டினால் அண்ணாச்சிதான். மளிகைக் கடைக்காரர் அண்ணாச்சி, ஆட்டோக்காரர் அண்ணாச்சி, அபராதம் எழுதுகிற போலீஸ்காரரும் அண்ணாச்சி. சண்முகவடிவு அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். டிரைவர் இல்லாமல் தானாக ஓடும் பேருந்துகள் வந்த பிறகும் கண்டக்டரை எடுக்க அரசாங்கத்துக்குத் துணிவு வரவில்லை. பயணிகளுக்குச் சண்டை போட ஓர் ஆள் வேண்டுமே. வடிவு அந்தச் சண்டைகளையெல்லாம் அண்ணாச்சி என்ற ஒரே சொல்லால் சமாளித்தவள். அப்படிப்பட்டவள் ஜெரோம் மிராந்தாவை மட்டும் ஒரு தடவைகூட அண்ணாச்சி என்று கூப்பிடவில்லை. சார் என்றாள். ஏன் என்று கேட்டால், துறைமுகத்தில் பெரிய கப்பல்களை இழுத்து வரும் படகுக்குத் தலைவராக இருந்தவர், மரியாதை தர வேண்டாமா என்று சொல்லியிருப்பாள். நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை.

இருவருமே துணையை இழந்தவர்கள், இருவருக்குமே அறுபது கடந்திருந்தது. அவர்கள் சந்தித்தது கடற்கரைச் சாலையில் இருந்த நடை மையத்தில். பெயரைப் பார்த்து ஏதோ காலைநேர நடைப்பயிற்சிக் கழகம் என்று நினைத்துவிடக் கூடாது. நடக்க முடியாதவர்களுக்கான ஆஸ்பத்திரி அது. அந்த நாட்களில் கை நடுங்கினாலும், கால் இழுத்தாலும், முகம் இறுகினாலும் பெரும்பாலும் பார்க்கின்சன் என்று ஒரே பெயர்தான். ஒரே மாத்திரை, வராந்தாவில் ஒரே நீளமான பெஞ்சு. பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள் மாதிரி அதில் எல்லோரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, யார் வீட்டு மருமகள் எப்படி என்பதுவரை பேசிக்கொண்டிருப்பார்கள்.

வடிவுக்குக் கால் ஒட்டிக்கொள்ளும். நன்றாக நடந்து வருகிறவள் வாசல்படி வந்ததும் தரையில் பசை போட்டதுபோல நின்றுவிடுவாள். மனசு போ போ என்னும், கால் கேட்காது. ஓடுகிற வண்டியில் கம்பியைப் பிடிக்காமல் முன்னுக்கும் பின்னுக்கும் நடந்த கால்கள் அவை. அவற்றைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரமாக வரும். அந்த நேரத்தில் குறுக்கே ஒரு கோடு கிழித்தாலோ, யாராவது ஒரு காலை நீட்டினாலோ போதும். அதைத் தாண்டுகிற சாக்கில் கால் விடுபட்டுவிடும். இந்த நோயின் கிறுக்குகளில் அதுவும் ஒன்று.

மிராந்தாவுக்குக் கால் ஓடும், கண்தான் ஓடாது. அவர் பார்வை நேராக மட்டுமே போகும், கீழே இறங்காது. படி இருப்பது தெரியாது, பள்ளம் தெரியாது. திடீரென்று மரம் சாய்வதுபோல மல்லாக்க விழுவார். சாப்பிடும்போது தட்டை ஒரு கையால் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொள்வார். முகமும் இறுகிப்போயிருந்தது. சிரிக்கிறாரா கோபப்படுகிறாரா என்பது குரலை வைத்துத்தான் தெரியும்.

ஒருநாள் மையத்தின் வாசலில் வடிவு ஒட்டிக்கொண்டு நின்றாள். பின்னால் வந்த மிராந்தா அவளைச் சுற்றிக்கொண்டு போகும்போது அவர் கால் அவளுக்குக் குறுக்கே விழுந்தது. அவள் அதைத் தாண்டினாள். தாண்டிய வேகத்தில் அவர் அடுத்த படியில் உருளப்போவதைப் பார்த்து, பழைய பழக்கத்தில், படி இருக்கு, பாத்து எறங்குங்க என்று சத்தம் போட்டாள். அவர் அப்படியே நின்று காலால் துழாவி இறங்கினார். அன்றையிலிருந்து அவர்கள் சேர்ந்துதான் நடந்தார்கள். கடற்கரைச் சாலையில் சாயங்காலம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவள் படி, மேடு, நாய் என்று சொல்லிக்கொண்டே வருவாள். அவள் கால் ஒட்டும் இடத்தில் அவர் காலை நீட்டுவார். ஊர் பேசத்தான் செய்தது. இந்த வயசில் இது என்ன என்றது, சாதி என்ன மதம் என்ன என்று விசாரித்தது. நோயாளிகள் ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்பதைத் தாண்டி அதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தப் பிடிமானத்தின் பெயர் என்ன என்று வடிவுக்கே தெரியாதபோது ஊருக்கு எங்கே தெரியப்போகிறது.

ரத்தச் சோதனை அந்த ஐப்பசியில் வந்தது. விரலில் ஒரு குத்து, கொஞ்சம் ரத்தம், மறுநாள் பதில். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் கொடுத்தார்கள். காயல்பட்டினத்திலிருந்து வரும் டாக்டர் நிலோபர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னார். இவர்கள் இருவரும் சேர்ந்தே போய் உட்கார்ந்தார்கள்.

“ரெண்டு புரதம் இருக்கு. ஒண்ணு கெட்டுப்போய் மூளையில படிஞ்சா வடிவும்மாவுக்கு இருக்கிற பார்க்கின்சன். இன்னொண்ணு படிஞ்சா சாருக்கு இருக்கிறது. அதுக்குப் பேரு பி.எஸ்.பி. ஆரம்பத்துல வெளிய பார்க்க ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கும். எங்களாலயே நிச்சயமா பிரிக்க முடியாது. இப்போ ரத்தம் பிரிச்சுச் சொல்லிடுது.”

“பிரிச்சு என்ன செய்யப் போறிய?” என்று மிராந்தா கேட்டார்.

டாக்டர் கொஞ்சம் தயங்கினார். “வடிவும்மா வீட்டுல ஒரு ரூம்ல மட்டும் பல்பு போயிருக்கு. புது பல்பு மாட்டிடலாம். ஆய்வகத்துல வளர்த்த செல்லை மூளையில கொண்டு போய் வைக்கிறோம். மெதுவா வேலை செய்ய ஆரம்பிக்கும். சாருக்கு வயரிங்கே போய்க்கிட்டிருக்கு. பல்பு மாத்திப் பிரயோஜனம் இல்ல.”

சொன்ன பிறகு அவருக்கே அந்த உதாரணம் பிடிக்கவில்லை போலும், மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இந்த நோய்க்கு மாத்திரை சரியாகக் கேட்காதே, மூன்று வருஷமாக நீங்கள் மட்டும் எப்படிப் பரவாயில்லை பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டு வந்தீர்கள் என்று மிராந்தாவிடம் கேட்டார்.

“கேக்கலன்னு சொன்னா மதுரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவியளே,” என்றார் மிராந்தா, சுவரை நேராகப் பார்த்தபடி. “பரவாயில்லன்னா இங்கயே இருக்கலாம்லா.”

இங்கே என்று அவர் சொன்னது இந்தக் கட்டடத்தை அல்ல என்பது வடிவுக்குப் புரிந்தது. அவ்வளவு சந்தோஷத்தையும் அவ்வளவு துக்கத்தையும் ஒரே நேரத்தில் எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் கைப்பையைத் திறந்து திறந்து மூடினாள்.

அதற்குப் பிறகு பெஞ்சு பழைய பெஞ்சாக இல்லை. சிகிச்சை உள்ளவர்கள் மாடிக்குப் போனார்கள். இல்லாதவர்களைக் கீழே ஆறுதல் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். கீழே இருந்தவர்களை வீட்டார் முதலில் தினமும் கூட்டி வந்தார்கள், பிறகு வாரம் ஒருமுறை. மாடிக்குப் போனவர்கள் படியிறங்கி வரும்போது கீழே இருப்பவர்களின் முகத்தைப் பார்க்காமல் வரப் பழகினார்கள். நேற்றுவரை ஒரே டம்ளர் டீயைப் பாதியாக ஊற்றிக் குடித்தவர்கள்தான். குற்றம் சொல்லவும் முடியாது, பிழைக்கப்போகிறவனுக்கு வெட்கம் வந்தால் அவன் வேறு எங்கே பார்ப்பான்.

வடிவுக்கு அறுவை சிகிச்சை முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது கணுக்காலில் ஒரு கறுப்புப் பட்டையை மாட்டிவிட்டார்கள். எத்தனை அடி நடக்கிறாள், எங்கே நிற்கிறாள் என்று அது மையத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். மாடிக்காரர்கள் அதைக் கொலுசு என்று கேலி செய்தார்கள். முதலில் சில மாதங்கள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒருநாள் காலையில் எழுந்து அடுப்படிக்குப் போய்ப் பாலை வைத்துவிட்டுத் திரும்பியபோதுதான், இரண்டு வாசல்படிகளைத் தாண்டி வந்துவிட்டோம், கால் எங்குமே நிற்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். பால் பொங்கி வழிந்தது. அழுது முடித்ததும் அவளுக்கு வந்த முதல் நினைப்பு, சாயங்காலம் சாரிடம் என்ன சொல்வது என்பதுதான்.

மிராந்தாவின் சுபாவம் அவளுக்குத் தெரியும். யாரிடமும் சும்மா ஒரு தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார். வீட்டில் மகன் ஆல்ட்ரின் கையைப் பிடிக்க வந்தாலே, போடா, நான் என்ன சுமையா என்று தள்ளிவிடுவார். வடிவு தன் கையைப் பிடிக்கலாம் என்றால், பதிலுக்கு அவர் காலை நீட்டுகிறார், அதனால் பிடிக்கலாம். அந்தக் கால் தேவையில்லை என்று ஆகிவிட்டால் மறுநாளிலிருந்து அவர் வரமாட்டார். வீட்டிலேயே நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். பாவம் பார்த்து ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு போவதை அவர் ஒத்துக்கொள்ளவே மாட்டார். பாவம் எங்கே பார்த்தாள் அவள். பகல் முழுக்க அந்த அரைமணி நேர நடைக்காகத்தான் அவள் காத்துக்கிடந்தாள்.

அன்று சாயங்காலம், கடற்கரைச் சாலையில் வழக்கமாக ஒட்டிக்கொள்ளும் ஒரு பாலத்தடியில், கால் தாராளமாகப் போகக் கூடிய நிலையில், வடிவு நின்றாள். ஒட்டிக்கிச்சா என்று மிராந்தா கேட்டார். ஆமா என்றாள். அவர் காலை நீட்டினார். அவள் தாண்டினாள். வீட்டுக்கு வந்த பிறகு தன்னைத் திட்டிக்கொண்டாள். மறுநாளும் நின்றாள்.

அப்படியே மாதங்கள் போயின. அவர் பேச்சு குழற ஆரம்பித்திருந்தது, விழுவதும் கூடியிருந்தது. நடை மட்டும் நிற்கவில்லை. அவள் முன்பைவிடக் கவனமாகப் படி சொன்னாள், முன்பைவிட அதிக இடங்களில் நின்றாள். கணுக்காலில் ஒன்று மாட்டியிருப்பதையே அவள் மறந்துபோனாள். இத்தனை வருஷம் அடுத்தவர்கள் டிக்கெட்டைச் சோதித்தவளுக்கு, தன்னையும் ஒன்று சோதித்துக்கொண்டிருக்கிறது என்பது தோன்றவே இல்லை.

டாக்டர் நிலோபர் ஒருநாள் அவளைக் கூப்பிட்டனுப்பினார். அறையில் திரையை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அதில் மேலும் கீழுமாக ஏதோ கோடுகள் ஓடின.

“உங்க ரத்தம் ரொம்ப நல்லா இருக்கு வடிவும்மா. வச்ச செல் பிடிச்சிடுச்சு, அருமையா வேலை செய்யுதுன்னு சொல்லுது. ஆனா கால் வேற சொல்லுது. தினமும் சாயங்காலம் நிக்கிறீங்க. நாளுக்கு நாள் கூடுது. ரத்தம் சரின்னா கால் நிக்கக் கூடாது. கால் சரின்னா ரத்தம் தப்பு.”

வடிவு வாயைத் திறந்தாள். டாக்டர் அவள் பயந்துவிட்டாள் என்று நினைத்து அவசரமாகத் தொடர்ந்தார். இது அவள் குற்றம் இல்லை, சோதனையின் குற்றமாக இருக்கலாம் என்றார். மாத்திரைக்கும் செல்லுக்கும் கேட்காமல் கால் ஒட்டுவது மிராந்தாவின் நோய் வகையிலும் உண்டு. ஒருவேளை வடிவுக்கு இருப்பதே அதுதானோ, சோதனை அவளை மாற்றிச் சொல்லிவிட்டதோ என்று பெரிய டாக்டர்கள் யோசிக்கிறார்களாம். அதனால் மாடியில் புது ஆட்களைச் சேர்ப்பதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எத்தனையோ பேர் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

“உங்கள மாத்திச் சொல்லியிருந்தா கீழே இருக்கிறவங்களையும் மாத்திச் சொல்லியிருக்கலாம் இல்லையா. அதனால ஒருத்தருக்குச் செல் வச்சுப் பார்க்கலாம்னு முடிவாகியிருக்கு. மிராந்தா சாருக்கு. மண்டையில துளை போடுற வேலை, அவர் இருக்கிற நிலைமையில ஆபத்து இருக்கு. எல்லாம் சொன்னேன். யோசிக்கக்கூட இல்ல, உடனே சரின்னுட்டார். வர்ற திங்கட்கிழமை.”

வடிவு சொல்லியிருக்க வேண்டும். அங்கேயே, அந்த நாற்காலியிலேயே சொல்லியிருக்க வேண்டும். நாக்கு எழவில்லை. அவளுக்குக் கால் ஒட்டும் நோய் போய் நாக்கு ஒட்டும் நோய் வந்துவிட்டது. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வருவதற்குள் ஆல்ட்ரின் போன் பண்ணிவிட்டான். அப்பாவுக்கு வழி பிறந்துவிட்டது என்றான், பனிமய மாதா கோயிலில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வருகிறானாம். உங்களால்தான் ஆன்ட்டி, நீங்கள் கூட்டிக்கொண்டு நடந்ததால்தான் அப்பா இத்தனை நாள் தாங்கினார் என்றும் சொன்னான். வடிவு போனை வைத்தாள். ஒரு பெண்பிள்ளை நினைத்த நினைப்புக்கு இத்தனை பேரா ஆடுவார்கள் என்றிருந்தது.

சாயங்காலம் மிராந்தா சீக்கிரமே வந்து காத்திருந்தார். குழறலோடு நிறையப் பேசினார், இதுநாள்வரை இவ்வளவு பேசியதே இல்லை. குணமானதும் முதலில் தட்டை மேசைமேல் வைத்துச் சாப்பிட வேண்டும் என்றார். தட்டில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்துவிட்டு, இது எனக்கு வேண்டாம் என்று சொல்ல வேண்டும். பேத்தி தரையில் தவழ்கிறாள், எல்லோரும் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறார்கள், யாராவது தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தால்தான் தனக்கு அவள் தெரிகிறாள். அவள் தவழ்ந்து வருவதைப் பார்க்க வேண்டும். முகம் மரமாகவே இருந்தது. குரலில் மட்டும் அவர் ஓர் இளவட்டம்.

பாலத்தடி வந்தது. வடிவு நிற்கவில்லை. அதைத் தாண்டிப் போய், கடலோரக் கைப்பிடிச் சுவர் இருக்கும் இடத்தில் அவர் கையைச் சுவரில் எடுத்து வைத்துவிட்டு, முன்னால் வந்து அவர் கண்ணுக்கு நேரே நின்றாள்.

“சார், எனக்குக் கால் ஒட்டுதது இல்ல. நின்னு போயி ரொம்ப நாளாச்சு. நான் சும்மா நின்னேன். நீங்க காலை நீட்டணும்னுதான் நின்னேன்.”

அவள் மீதியையும் சொன்னாள். கொலுசு சொன்னது, டாக்டர் சந்தேகப்பட்டது, மாடியில் ஆள் எடுக்காமல் நிறுத்தியது, திங்கட்கிழமை என்று ஒன்று வந்தது, எல்லாவற்றுக்கும் வேர் அவள் நின்ற அந்த நிற்றல்தான் என்பது. “ரத்தம் சரியாத்தான் சார் சொல்லுது. எனக்கும் சரியாச் சொல்லிச்சு. உங்களுக்கும் சரியாத்தான் சொல்லிச்சு.” கடைசிச் சொல் வரும்போது அவளால் அவரைப் பார்க்க முடியவில்லை. அவருக்குக் கீழே பார்க்க முடியாத கண், அவளுக்கு அப்போது மேலே பார்க்க முடியாத கண்.

சுவரை இறுகப் பிடித்திருந்த அவர் கை நிறம் மாறியிருந்தது.

“நீங்க நடிக்கிய, அது எனக்குத் தெரியும்,” என்றார் மிராந்தா மெதுவாக. “மொதல் நாளே தெரியும். முன்னெல்லாம் கால் ஒட்டுனா உங்க கை என் கைக்குள்ள நடுங்கும். அன்னைக்கு கை அமைதியா இருந்திச்சு. தெரிஞ்சுதான் நானும் காலை நீட்டுனேன்.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “டாக்டர் என்கிட்ட, சோதனையில சந்தேகம்னு மட்டுந்தான் சொன்னாவ. அந்தச் சந்தேகம் இங்க இருந்து போச்சுன்னு எனக்குத் தெரியாதும்மா.”

வடிவு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மன்னிப்புக் கேட்டாள். அவர் மறுத்தார். ஒருத்தர் மட்டும் நடித்தால்தானே ஒருத்தர் மட்டும் மன்னிப்புக் கேட்பது என்றார். நாளைக் காலையிலேயே டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும், மாடிக்குக் காத்திருப்பவர்கள் அத்தனை பேரும் பாவம் என்றார். ஆல்ட்ரினிடம் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். எல்லாவற்றையும் கப்பலைத் துறையில் கட்டும்போது உத்தரவு கொடுப்பதுபோல வரிசையாகச் சொல்லி முடித்தார். தட்டைப் பற்றியும் பேத்தியைப் பற்றியும் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

கொஞ்சநேரம் கழித்து, எனக்கு ஒண்ணு செய்வியளா என்று கேட்டார்.

“சொல்லுங்க சார்.”

“நடங்க. இந்தச் சுவர ஒட்டி நேரா, நிக்காம நடங்க. நான் பாக்கணும்.”

“இங்கனயே நடக்கேனே, உங்க முன்னால.”

“முன்னால நின்னா உங்க முகம் மட்டுந்தான் எனக்குத் தெரியும். தூரத்துல போனாத்தான் காலும் என் கண்ணுக்கு நேரா வரும். கப்பல் அப்படித்தான், கிட்ட வந்துட்டா அடி தெரியாது. இத்தன வருசமா கூட நடக்கேன் வடிவு. உங்க கால நான் பாத்ததே இல்ல.”

கண்டக்டரம்மா என்றுதான் அதுவரை கூப்பிட்டிருந்தார். அவள் தன் பெயரை முதன்முதலாகக் கேட்பதுபோலக் கேட்டாள். சுவரில் இருந்த அவர் கையை இன்னொரு முறை அழுத்தி வைத்துவிட்டு, புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, நடக்க ஆரம்பித்தாள்.

கால் எங்கும் ஒட்டவில்லை. ஒட்டாதா என்று அவள் ஏங்கினாள். பின்னாலிருந்து, இன்னும், என்று அவர் குரல் வந்தது. சுண்டல் வண்டியைத் தாண்டினாள். இன்னும் என்றது. மீன்பிடிப் படகுகளை ஏற்றிவைத்திருக்கும் இடத்தைத் தாண்டினாள். இப்போது குரல் வந்ததா காற்றா என்று தெரியவில்லை. போதுமா சார் என்று கத்த நினைத்தாள், கத்தினால் அவர் போதும் என்று சொல்லிவிடுவாரோ, சொல்லாமல் இருந்துவிடுவாரோ என்று இரண்டுக்கும் பயமாக இருந்தது. நடந்தாள்.

கடைசியில் அவளால் தாங்க முடியாமல் திரும்பிப் பார்த்தாள். சுவரோரம் சின்னதாக ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார். அவர் ஒரு கையை உயரே தூக்கினார். தெரிகிறது என்று அர்த்தம். அவளும் அப்படியே நின்று, அவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று இரண்டு கால்களையும் காட்டிக்கொண்டிருந்தாள். அத்தனை தூரத்திலிருந்து அவளுக்கு அவர் முகம் தெரியவில்லை.